இடது முன்கை

என் இடது முன்கைதான் என் அலுவலகம்.
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
பதினோரு சிவப்புகள் வரிசையில் நிற்கும் நாட்களில்
ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்
கொஞ்சம் தள்ளி உட்காருவார்.
சொறி என்று நினைக்கிறாராக்கும்.
நான் திருத்துவதில்லை. இடம் கிடைக்கிறதே.

பதினாறு வருடமாய் 'வதனா' என்ற பெயரில்
ஞாயிறு வாரமலரின் பத்தொன்பதாம் பக்கம்.
சொந்தப் பெயர் செபஸ்தியம்மாள்.
அந்தப் பெயரில் கண்மை பற்றி எழுதினால்
யார் நம்புவது என்று கேட்டவர்
ஆசிரியர் அமிர்தநாயகம்,
முகம் பார்க்காமலே, தொலைபேசியில்.

கொழும்பிலிருந்து பார்சல் ரயிலில் வரும்,
ரொசல்லைப் பக்கம் மண் சரிந்தால் இரண்டு நாள் பிந்தி.
'கோடைக்கேற்ற ஐந்து முகப்பூச்சுகள்' என்று
கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு எழுதியிருக்கிறேன்.
இங்கே கோடை என்பது
மழை கொஞ்சம் யோசிக்கிற வாரம்.

ரோஜா வாசம் எனக்கு ஆகாது.
எந்தப் போத்தலைத் திறந்தாலும்
சாவு வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவர்
உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறார்.
சந்தைக்குக் கீழே றிஸ்வி கடைக் கண்ணாடிப் பெட்டியில்
இலக்கம் ஏழு என்றொரு உதட்டுச்சாயம்,
பீட்ரூட் நறுக்கிய கத்தியின் நிறம்.
அரை மணித்தியாலம் நிற்காது,
தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்புக்குக் குடிபோய்விடும்.
அதைத்தான் பூசுகிறேன்.
அதைப்பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை,
எழுதினால் றிஸ்வி விலையைக் கூட்டிவிடுவார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும்:
திருத்தமான முகங்களில் எனக்கு ருசியில்லை.
ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டி
மற்றதற்குள் கொட்டகலை பஸ் வந்துவிட்டதால்
ஓடி ஏறிய அந்தப் பெண்ணை
நாலு வருடமாய் மறக்கவில்லை.

வெள்ளையாக்கும் களிம்புக்கு எழுதமாட்டேன் என்ற மாதம்
என் சம்பளம் பாதியானது.
வீரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.
பதினெட்டு வயதில் அதைக் கட்டுக்கட்டாய்ப் பூசியவள் நான்.
வெயில் பட்டால்
கன்னத்தில் ஒரு நாணயம் அளவுக்கு
இன்றைக்கும் காந்துகிறது.

போன மாசி மாதம் மஸ்கெலியாவிலிருந்து கடிதம்:
'அக்கா, கூடைக் கயிறு அழுத்துற எடத்துல
முடி மொளைக்கல.
தங்கச்சி கல்யாணம் வருது. படம் புடிப்பாங்க.
என்ன எண்ணெய் வைக்கிறது? யோகமலர்.'

கண்டியில் தோல் டாக்டரைக் கேட்டேன்.
'கயிற்றை எடுக்கச் சொல்லுங்கள்' என்றார்,
அடுத்த ஆளைக் கூப்பிடும் மணியில் கைவைத்தபடி.
சலூன் தமயந்தியைக் கேட்டேன்.
அவள் ஒன்றும் பேசாமல்
கரும்பழுப்புக் கண் பவுடர் ஒன்றையும்
தேய்ந்த பிரஷ் ஒன்றையும் பொதிந்து கொடுத்தாள்.

ஞாயிறு காலை, மஸ்கெலியா பஸ் தரிப்பிடம்.
மரப்பலகையில் யோகமலர் குனிந்து உட்கார்ந்தாள்.
உச்சியில் விரலகலத்துக்கு ஒரு பாதை,
புல் முளைக்காத ஒற்றையடிப் பாதை மாதிரி.
மெல்லத் தட்டித் தட்டி மூடினேன்.
கையில்லாக் கண்ணாடியில் பார்த்தாள்.
'மழைக்கு நிக்குமா?'
வியர்வைக்கு நிற்கும், மழைக்கு நிற்காது.
'அப்ப கொழுந்துக்கு ஆகாது, கல்யாணத்துக்கு ஆகும்'
என்று சிரித்தாள்.

பத்தொன்பதாம் பக்கம் தவறாமல் படிப்பாளாம்.
செய்து பார்த்தது ஒன்றுமில்லை.
'நல்லா எழுதுறீங்க அக்கா. பொய் மாதிரியே இல்ல.'
பிறகு என் முன்கையை இழுத்து,
கொழுந்துக் கறை ஏறிய விரலால்
பதினொன்றையும் ஒவ்வொன்றாய்த் தொட்டு
உதட்டைப் பிதுக்கினாள்.
'இதுல ஒன்னும் உங்களுக்குச் சரியில்ல.
வாயில இப்ப பூசியிருக்கீங்களே, அது எங்க வாங்கினது?'

றிஸ்வி கடை என்று சொல்லிவிட்டேன்.

திங்கள் இரவு அமிர்தநாயகம் அழைத்தார்.
இந்த வாரம் என்ன விஷயம்?
கயிறு, என்றேன்.
லைன் அறுந்ததோ என்று நினைக்கும் அளவுக்கு
அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு தொண்டையைச் செருமி,
'முந்நூறு சொல்லுக்குள்' என்றார்.